கடைசிக் கட்டம்வரை படித்துவிட்டு…

வாசகர் கேள்வி – பதில்

சிறுவர்கள் படிக்கும் சித்திரக்கதைகளில் பெரியவர்களுக்கான சங்கதிகள் மிகுந்துவிட்டனவா என்று கேட்டுச் சென்ற இதழில் வெளியான ஒரு கடிதத்தைத் தொடர்ந்து, அதே பொருளில் மேலும் பல கடிதங்கள் வந்துள்ளன. இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரையும் பணியையும் மட்டும் தந்திருக்கிறேன்.

இல்லத்தரசி, ஸ்ரீரங்கம்

கேள்வி: ஐயா, ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் ‘டீமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பானியப் படக்கதையின் ஆங்கிலப் புத்தகத்தை நண்பனிடம் இரவல் வாங்கி வந்திருந்தான். திறந்து நான்கு தாள் புரட்டுவதற்குள் வாளும் ரத்தமும் கோரப் பற்களும்தான் கண்ணில் பட்டன. கிழித்துப் போடு என்கிறார் என் கணவர். இரவல் புத்தகமாயிற்றே என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நான் செய்தது சரிதானா?

பதில்: பூட்டி வைத்ததில் பெரிய தவறில்லை, அம்மா, கிழிக்காமல் விட்டது அதைவிட நல்லது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானியப் படக்கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவரும்போதும் இப்போது பொதுவாக வலமிருந்து இடமாகவே அச்சிடுகிறார்கள். நம் ஊர்ப் புத்தகத்தைத் திறப்பதுபோல் திறந்தால் முதலில் வருவது கதையின் கடைசிப் பக்கம்தான். தெரியாமல் திறப்பவர்களுக்காகவே, நீங்கள் தவறான திசையில் படிக்கிறீர்கள் என்ற அறிவிப்பையும் அங்கே பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நீங்கள் புரட்டிய நான்கு தாள்களும் அந்தப் பாகத்தின் முடிவாக, சண்டை உச்சத்தில் நிற்கும் இடமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கதை தொடங்குவது ஒரு பனிமலையில். கரி விற்கப் போன பையன் மறுநாள் வீடு திரும்பும்போது தாயும் உடன்பிறந்தவர்களும் அசுரனால் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். உயிர் மிஞ்சிய ஒரே தங்கையும் அசுரப் பிறவியாக மாறிவிடுகிறாள். அவளை மறுபடி மனிதப் பெண்ணாக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவன் வாளை எடுக்கிறான். 2016 முதல் 2020 வரை ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ என்ற சிறுவர் வார இதழில் தொடராக வந்த கதை இது. தலை துண்டாகும் காட்சிகள் இதில் உண்டு. அப்படி வெட்டுண்ட அசுரன், சாகும் தறுவாயில், தான் மனிதனாக இருந்த காலத்தை எண்ணிக் கண்ணீர் விடும் காட்சிகளும் உண்டு. முன்னதை மட்டும் பார்த்தவருக்கு அது கசாப்புக் கடையாகத் தோன்றும். இரண்டையும் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

அதற்காக உங்கள் மகனுக்கு உடனே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஆங்கிலப் பதிப்பாளர் அதற்கு இட்டிருக்கும் குறி 13 வயது முதல் என்பது. உங்கள் மகனுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். அந்தப் பருவத்தில் ஓரிரு ஆண்டு என்பது சிறிய இடைவெளி அன்று. முதலில் நீங்கள் ஒருமுறை வலமிருந்து இடமாகப் படித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பிறகு ‘இது எட்டாம் வகுப்புக்கு வந்த பின் படி’ என்று சொல்வதா, ‘வா, சேர்ந்து படிக்கலாம்’ என்று கூப்பிடுவதா என்பது உங்கள் மகனை அறிந்த உங்களுக்கே விளங்கிவிடும். படித்துவிட்டு மறுப்பவரையும் பார்த்தவுடன் மறுப்பவரையும் பிள்ளைகள் வெகு எளிதில் பிரித்தறிவார்கள். எப்படியானாலும் இரவல் புத்தகத்தை நாளைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பையன் தவித்துக்கொண்டிருப்பான்.

கல்லூரி மாணவர், மதுரை

கேள்வி: அமெரிக்காவில் 1950களில் அரசாங்கமே சித்திரக்கதைகளுக்குத் தடை விதித்ததாகப் படித்தேன். உண்மையா?

பதில்: நாடு முழுவதற்குமாக அரசாங்கம் தடை விதிக்கவில்லை; பதிப்பாளர்களே தங்கள் கைக்குத் தாங்களே விலங்கு பூட்டிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், பத்து சென்ட் விலையில், குற்றக் கதைகளும் பேய்க் கதைகளும் அந்நாட்டுப் பத்திரிகைக் கடைகளில் தொங்கின. போரிலிருந்து திரும்பியவர்களும் வாங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் வாங்கினார்கள். 1948ஆம் ஆண்டிலேயே சில ஊர்களில் பிள்ளைகளைக் கொண்டே இப்புத்தகங்களைத் திரட்டிக் கொளுத்தச் செய்தார்கள். நாஜிகள் நூல்களை எரித்ததைப் பார்த்துப் பதறிய நாட்டில், போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில் இது நடந்தது.

1954 ஏப்ரல் 21 அன்று, இளைஞர் குற்றங்களை ஆராய்ந்த செனட் துணைக்குழு நியூயார்க்கில் கூடியது. பேய்க் கதைகளுக்குப் பேர்போன ஈ.சி. நிறுவனத்தின் உரிமையாளர் வில்லியம் கெய்ன்ஸ் தாமாகவே முன்வந்து சாட்சி சொன்னார். செனட்டர் எஸ்டஸ் கேஃபாவர் ஓர் இதழின் அட்டையை உயர்த்திக் காட்டினார். ஓர் ஆணின் கையில் ரத்தம் தோய்ந்த கோடரி. மறுகையில், முடியைப் பற்றித் தூக்கிய ஒரு பெண்ணின் வெட்டுண்ட தலை. இது நல்ல ரசனை என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். ஆம், ஒரு பேய்க் கதை இதழின் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் மோசமான ரசனை என்று விளக்கமும் கொடுத்தார். மறுநாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டின் முதல் பக்கத்தில் இது செய்தியானது. கெய்ன்ஸுக்காக வாதாடுபவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள்; ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில் தொங்கும் அட்டை விஷயத்தில் நான் கேஃபாவர் பக்கமே நிற்பேன். உள்ளே என்ன கதை என்று படித்துப் பார்க்கும் வாய்ப்பை அட்டை யாருக்கும் தருவதில்லை.

சட்டம் வந்துவிடுமோ என்று அஞ்சிய பதிப்பாளர்கள் அந்தச் செப்டம்பரில் ஒரு சங்கமாகக் கூடி அக்டோபரில் நெறிமுறை ஒன்றை எழுதி, அதைக் கண்காணிக்க நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் மர்ஃபி என்ற நீதிபதியை நியமித்தார்கள். நெறிமுறைக்கு உட்பட்ட இதழின் அட்டை மூலையில் ஒரு முத்திரை இருக்கும். முத்திரை இல்லாத இதழை மொத்த விநியோகஸ்தர்கள் பெரும்பாலும் தொட மறுத்தார்கள். நெறிமுறையின் சில விதிகளைக் கேளுங்கள். தலைப்பில் ‘திகில்’, ‘பயங்கரம்’ என்னும் சொற்கள் வரக் கூடாது. ‘குற்றம்’ என்ற சொல்லின் எழுத்து, தலைப்பிலுள்ள மற்றச் சொற்களைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. ரத்தக்காட்டேரி, நடமாடும் பிணம், ஓநாய் மனிதன் ஆகியவற்றுக்கு இடமில்லை. காவலர், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோர்மீது அவமதிப்பு உண்டாகும்படி காட்டக் கூடாது. ஒவ்வொரு கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும். ஈ.சி. நிறுவனத்தின் பேய்க் கதை இதழ்கள் எல்லாம் மூடப்பட்டன. அதே நிறுவனத்தின் ‘மேட்’ நகைச்சுவை இதழ் மட்டும் 1955இல் சித்திரக்கதை அளவிலிருந்து பெரிய பத்திரிகை அளவுக்கு மாறி, நெறிமுறையின் எல்லைக்கு வெளியே போய்ப் பிழைத்துக்கொண்டது.

பள்ளி ஆசிரியை, விருதுநகர்

கேள்வி: அமெரிக்காவில் அந்நாளைய சித்திரக்கதை எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய மனநல மருத்துவர் வெர்தாமை ஏழைக் குழந்தைகளின் காவலர் என்று சிலரும், ஆய்வில் பொய் கலந்தவர் என்று சிலரும் சொல்கிறார்களே, எது சரி?

பதில்: இரண்டுமே சரி. ஜெர்மனியில் பிறந்த ஃபிரெட்ரிக் வெர்தாம், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், வேறெங்கும் மனநல மருத்துவம் கிடைக்காத கறுப்பின ஏழைகளுக்காக 1946இல் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். கட்டணம் 25 சென்ட். பள்ளிகளில் இனப் பிரிவினை குழந்தைகளின் மனத்தைக் காயப்படுத்துகிறது என்று அவர் அளித்த சாட்சியம், அப்பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னணியான வழக்குகளுள் ஒன்றில் பயன்பட்டது. அதே ஆண்டில்தான் சித்திரக்கதைகளைச் சாடும் ‘செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்’ என்ற நூலையும் வெளியிட்டார்.

அவருடைய தாள்கள் 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றை நூலோடு ஒப்பிட்ட கரோல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியர், சில பிள்ளைகளின் வயதை வெர்தாம் மாற்றி எழுதியிருப்பதையும், பலர் சொன்னதை ஒருவர் சொன்னதாகச் சேர்த்திருப்பதையும், குடும்பச் சூழல் போன்ற வேறு காரணங்களை விட்டுவிட்டிருப்பதையும் 2012இல் எடுத்துக்காட்டினார்.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. கதைகளிலிருந்து தனித்தனிக் கட்டங்களைப் பிய்த்தெடுத்து அந்த நூலில் ஒட்டியிருக்கிறார். ஒன்றில், ஓர் ஆணின் தோள்பட்டையில் ஓவியர் போட்ட நிழல் கோடுகளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டி, பார்க்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் படத்துக்குள் இன்னொரு படம் இருக்கிறது என்று குறிப்பு எழுதுகிறார். அந்தத் தோளுக்குரியவன் யார், கதையில் என்ன செய்கிறான், முடிவில் என்ன ஆகிறான் என்பது பற்றி ஒரு சொல் இல்லை. நெறிமுறையை அவர் எழுதவில்லை என்பதையும், அது போதாது, சிறுவர்களுக்கு விற்பதையே சட்டத்தால் தடுக்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கட்டத்தைப் பிய்த்துப் பார்க்கும் அவருடைய பழக்கம் நெறிமுறைக்குள்ளும் புகுந்துவிட்டது.

வங்கி அலுவலர், கோயம்புத்தூர்

கேள்வி: எப்படியோ, அந்த முத்திரையால் பிள்ளைகள் பாதுகாக்கப்பட்டார்கள் அல்லவா?

பதில்: இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன், முடிவை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

ஈ.சி. நிறுவனம் 1953இல் ‘ஜட்ஜ்மென்ட் டே’ என்ற கதையை வெளியிட்டது. ஆல் ஃபெல்ட்ஸ்டைன் எழுத, ஜோ ஆர்லாண்டோ வரைந்தது. இயந்திர மனிதர்கள் வாழும் ஒரு கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஒரு பார்வையாளர் வருகிறார். அண்டக் குடியரசில் சேர அந்தக் கிரகத்துக்குத் தகுதி உண்டா என்று சோதிப்பது அவர் வேலை. ஆரஞ்சு நிற இயந்திரங்கள் வசதியாக வாழ்கின்றன. நீல நிற இயந்திரங்களுக்குத் தனிக் குடியிருப்பு, பேருந்தில் பின்னிருக்கை. உள்ளே இருக்கும் உறுப்புகளோ இரண்டுக்கும் ஒன்றே. நீங்கள் இன்னும் தகுதி பெறவில்லை என்று சொல்லிவிட்டுப் பார்வையாளர் விண்கலத்தில் ஏறுகிறார். கடைசிக் கட்டத்தில், கதை முழுதும் கழற்றாத தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர். கரிய முகத்தில் அரும்பிய வியர்வைத் துளிகள் நட்சத்திரங்களைப்போல் மின்னுகின்றன.

1956இல் இக்கதையை மறுபதிப்புச் செய்ய முயன்றபோது, அந்த மனிதர் கறுப்பினத்தவராக இருக்கக் கூடாது என்றார் மர்ஃபி. அதற்கு நெறிமுறையில் எந்த விதியும் இல்லை. கதையின் உயிரே அந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது என்று வாதாடிய கெய்ன்ஸ், இதை வெளியுலகுக்குச் சொல்வேன் என்று மிரட்டினார். அப்படியானால் வியர்வையையாவது நீக்குங்கள் என்று பதில் வந்தது. கெய்ன்ஸ் ஒரு துளியையும் நீக்காமல் அச்சிட்டார்; ஈ.சி. வெளியிட்ட கடைசிச் சித்திரக்கதை இதழ் அதுதான்.

இரண்டாவது நிகழ்ச்சி 1971இல் நடந்தது. போதைப்பொருளின் தீமையைக் கதையில் சொல்லுங்கள் என்று அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையே மார்வெல் நிறுவனத்தின் ஸ்டான் லீயைக் கேட்டுக்கொண்டது. அவர் ஸ்பைடர்மேன் இதழ் ஒன்றில், போதையில் தன்னால் பறக்க முடியும் என்று நம்பிக் கூரை விளிம்பிலிருந்து காலெடுத்து வைக்கும் ஒருவனைக் கொண்டுவந்தார். போதைப்பொருள் என்ற பேச்சே கூடாது என்று முத்திரை மறுக்கப்பட்டது. நல்லதற்காகச் சொன்னாலும் கெட்டதற்காகச் சொன்னாலும் விதிப் புத்தகத்துக்கு ஒன்றுதான். 96 முதல் 98 வரையிலான மூன்று இதழ்களையும் மார்வெல் முத்திரை இல்லாமலே கடைக்கு அனுப்பியது. அதே ஆண்டில் நெறிமுறையைத் தளர்த்தினார்கள். 2001இல் மார்வெலும் 2011இல் டிசி, ஆர்ச்சி நிறுவனங்களும் விலகியதோடு முத்திரை மறைந்தது.

அஞ்சல் துறை ஊழியர், காரைக்கால்

கேள்வி: படக்கதையைப் பார்த்துப் பிள்ளைகள் அதேபோல் செய்ததற்கு உண்மையான உதாரணம் உண்டா?

பதில்: உண்டென்று நம்பப்பட்ட ஒன்றையும், உண்டென்று நானே ஒப்புக்கொள்ளும் ஒன்றையும் சொல்கிறேன். 1954 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கோர்பல்ஸ் என்ற தொழிலாளர் பகுதியின் இடுகாட்டுக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மாலை நேரத்தில் திரண்டுவிட்டார்கள். சிலர் கையில் கத்தி. சிலர் கையில் கூராகச் சீவிய குச்சி. இரும்புப் பல் கொண்ட ஏழடி உயர ரத்தக்காட்டேரி இரண்டு பையன்களைத் தின்றுவிட்டதாம். அதை வேட்டையாட வந்தார்களாம். பின்னால் இருந்த இரும்பாலையின் தீ வானத்தைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தது. உண்மையில் எந்தப் பையனும் காணாமற்போகவில்லை. மழை வந்துதான் கூட்டம் கலைந்தது. பழி உடனே அமெரிக்கப் பேய்க் கதை இதழ்கள்மீது விழுந்தது. இரும்புப் பல் காட்டேரி வரும் இதழ் ஒன்று அமெரிக்காவில் வெளியாகியிருந்தது உண்மைதான். ஆனால் இரும்புப் பல் கொண்ட மிருகம் பைபிளின் தானியேல் ஆகமம் ஏழாம் அதிகாரத்திலும் வருகிறது. இரும்புப் பல் கிழவியைப் பற்றிய பழைய ஸ்காட்டியக் கவிதையும் ஒன்று உண்டு. மறு ஆண்டே பிரிட்டனில் இளையோருக்குத் தீங்கான வெளியீடுகளுக்கு எதிராகச் சட்டம் வந்தது.

நான் ஒப்புக்கொள்ளும் உதாரணம் ஜப்பானியது. மேலே சொன்ன ‘ஷோனென் ஜம்ப்’ இதழ் தொடங்கிய 1968ஆம் ஆண்டிலேயே கோ நாகாய் என்பவரின் பள்ளிக்கூட நகைச்சுவைத் தொடர் ஒன்று அதில் வந்தது. மாணவிகளின் பாவாடையைத் தூக்கிவிட்டு ஓடுவதே அதன் வேடிக்கை. அந்த விளையாட்டு நிஜப் பள்ளிகளிலும் பரவியது என்று பெற்றோர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. இதில் என் அனுதாபம் முழுவதும் பெற்றோர் பக்கமே. அந்த வேடிக்கையில் ரத்தம் இல்லை, கொலை இல்லை, பேய் இல்லை. ஆனால் எதிரில் இருக்கும் சிறுமியை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறது. ரத்தத்தைக் கண்டால் பிள்ளை தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்வான். சிரிப்போடு வருவது அப்படியே உள்ளே போய்விடும்.

சட்ட மாணவி, திருச்சி

கேள்வி: இந்தியாவில் இதற்கென்று சட்டம் ஏதும் இயற்றப்பட்டதா?

பதில்: பிரிட்டனைப் பின்பற்றி, இளையோர் (தீங்கான வெளியீடுகள்) சட்டம் என்ற ஒன்றை நம் நாடாளுமன்றம் 1956இல் இயற்றியது. இளையோர் என்றால் 20 வயதுக்குக் குறைந்தவர்கள். குற்றச் செயல், வன்முறை, அருவருப்பூட்டும் நிகழ்ச்சி ஆகியவற்றைப் படங்களின் துணையோடோ துணையின்றியோ முழுதும் படங்களாலேயோ சொல்லும் கதை, முழுமையாகப் பார்க்கும்போது இளையவரைக் கெடுக்கும் தன்மையுடையதாக இருந்தால் அது தீங்கான வெளியீடு. விற்பவருக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ‘முழுமையாகப் பார்க்கும்போது’ என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பதிப்பாளர்களின் விதிப் புத்தகத்தில் இல்லாத நிதானம் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், காரைக்குடி

கேள்வி: முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்தவன் நான். எங்கள் காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தன. எங்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லையே?

பதில்: சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனில் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழுக்காகவே எழுதப்பட்டவர். அவரும்கூட, மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்ததும் முதலில் குற்றத்தில்தான் இறங்குகிறார் என்பதை மறந்துவிட்டீர்கள். ரிப் கெர்பி, மாண்ட்ரேக், வேதாளர் ஆகியோர் செய்தித்தாள் படிக்கும் குடும்பங்களுக்காக அமெரிக்க நாளேடுகளில் நாள்தோறும் வந்தவர்கள். 1984இல் லயன் காமிக்ஸ் முதன்முதலாக அறிமுகப்படுத்திய மாடஸ்டி என்ற நாயகியோ, 1963 முதல் லண்டன் மாலை நாளேடு ஒன்றில், அலுவலகம் விட்டு ரயிலில் வீடு திரும்பும் பெரியவர்களின் கைக்காக வரையப்பட்டவர். ஆக, நீங்கள் கணக்கு நோட்டுக்கடியில் வைத்துப் படித்தவற்றில் பாதி, சிறுவர்களுக்கென்று எழுதப்பட்டவையே அல்ல. படம் போட்டிருந்தால் அது பிள்ளைகளுக்குரியது என்று நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டதுதான் நடந்தது.

உங்களுக்குக் கெடுதல் வரவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் ‘எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதுபவர்கள் ஒன்றும் ஆகாதவர்கள் மட்டுமே என்பதால், அதை அளவுகோலாக ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

மென்பொருள் பொறியாளர், சென்னை

கேள்வி: 12 வயது மகளுக்கு வாங்கிய புத்தகங்களின் அட்டையில் ‘டி’, ‘டி பிளஸ்’ என்றெல்லாம் குறி இருக்கிறது. இவற்றை நம்பலாமா?

பதில்: எந்த நிறுவனத்தின் குறி என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும். ‘டி பிளஸ்’ என்றால் மார்வெலில் 13 வயது முதல். டிசி நிறுவனம் பயன்படுத்திவந்த குறியீட்டில் 15 வயது முதல். ஜப்பானியக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிடும் விஸ் நிறுவனத்தில் 16 வயது முதல். மூன்று எழுத்துகூட இல்லாத ஒரு குறிக்குள் மூன்றாண்டு வித்தியாசம். வெறும் ‘டி’ என்பது மார்வெலில் 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கும் பொருந்தும், விஸ்ஸில் 13 வயது முதல். திரைப்படத்துக்கு இருப்பதுபோல் பொதுவான தணிக்கை வாரியம் சித்திரக்கதைக்கு இல்லை. ஒவ்வொரு பதிப்பாளரும் தம் கடைக்குத் தாமே எடைக்கல் வைத்திருக்கிறார்.

குழப்பத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கச் சித்திரக்கதைகள் பெட்டிக் கடைகளை விட்டு, அவற்றை மட்டுமே விற்கும் தனிக் கடைகளுக்கு நகர்ந்தன. அங்கே முத்திரை தேவைப்படவில்லை. வாங்க வருபவர்களும் வளர்ந்தவர்கள். நாயகர்களின் கதைகளும் அவர்களோடு சேர்ந்து வயதேறின. 1988இல் வந்த ஒரு பேட்மேன் கதையில், காவல் ஆணையர் கார்டனின் மகளை அவள் வீட்டு வாசலிலேயே வில்லன் ஜோக்கர் சுட்டு, சக்கர நாற்காலியில் முடக்கிவிடுகிறான். அது பெரியவர்களுக்காக எழுதப்பட்ட கதை. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே பேட்மேன் யு.கே.ஜி. பிள்ளையின் தண்ணீர்ப் பாட்டிலிலும் சிரித்துக்கொண்டிருக்கிறார். பாட்டிலைப் பார்த்துப் பழகிய பிள்ளை புத்தகக் கடையில் அந்த முகத்தைத்தான் தேடி எடுக்கும். குறி அட்டையில் எவ்வளவு சிறிதாக அச்சாகிறது, நாயகனின் முகம் எவ்வளவு பெரிதாக அச்சாகிறது என்பதை ஒப்பிட்டாலே வியாபாரத்தின் நோக்கம் புரிந்துவிடும். இந்த விஷயத்தில் பதிப்பாளர்களுக்காகப் பரிந்து பேச என்னால் இயலவில்லை.

பள்ளி நூலகர், திருநெல்வேலி

கேள்வி: போரையும் படுகொலையையும் சொல்லும் சித்திரக்கதைகளை எங்கள் நூலகத்துக்கு ஒருவர் அன்பளிப்பாகத் தந்திருக்கிறார். அவற்றுள் ‘பேர்ஃபுட் ஜென்’, ‘மௌஸ்’ ஆகியவை உள்ளன. வெளியில் வைக்கலாமா?

பதில்: உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, இந்த இரண்டு நூல்களும் இதே காரணத்துக்காகப் பிரச்சினைக்குள்ளானவைதாம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவனாக இருந்து உயிர் தப்பிய கெய்ஜி நாகாசாவா, தாம் கண்டதை ‘பேர்ஃபுட் ஜென்’ கதையாக 1973இல் தொடங்கினார். தோல் உருகிக் கையிலிருந்து தொங்க நடந்துபோகும் மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். அது முதலில் வந்த இடம் எது தெரியுமா? ஐந்தாண்டுக்கு முன் பாவாடை தூக்கும் வேடிக்கையை வெளியிட்ட அதே ‘ஷோனென் ஜம்ப்’. இதழ் ஒன்று, வாசகர் வயது ஒன்று. பயங்கரக் காட்சிகளை எண்ணிப் பார்த்தால் ‘ஜென்’ கதைதான் பல மடங்கு மோசம் என்று விடை வரும்.

2012 டிசம்பரில் ஜப்பானின் மட்சுவே நகரக் கல்வி வாரியம், ஜப்பானியப் படைவீரர்களின் கொடுமைகளைக் காட்டும் பிற்பகுதிகளைக் காரணங்காட்டி, அந்நூலைப் பள்ளி நூலகங்களில் மாணவர் கைக்கு எட்டாமல் உள்ளே வைக்கச் செய்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2013 ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. யூதப் படுகொலையில் தப்பிய தம் தந்தையின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மன் சொல்லும் ‘மௌஸ்’, 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. அதை 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலப் பள்ளி வாரியம் ஒன்று எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. சொன்ன காரணம், எட்டு வசைச்சொற்களும் ஆடையற்ற ஓர் உருவமும். அந்த உருவம், தற்கொலை செய்துகொண்ட தாயினுடையது. எட்டு என்று எண்ணியவர்கள் பிழையில்லாமல்தான் எண்ணியிருக்கிறார்கள்.

உங்கள் நூலகத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டையும் தாராளமாகத் திறந்து வைக்கலாம் என்பது என் கருத்து. அதற்குக் கீழே உள்ளவர்கள் கேட்டால் கொடுங்கள். ஆனால் திருப்பிக் கொடுக்க வரும்போது மேசைக்கு எதிரே ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசுங்கள். ‘ஜென்’ பத்துப் பாகங்கள் கொண்டது. மட்சுவேயில் சர்ச்சைக்குள்ளானவை பிற்பாகங்கள்தாம் என்பதால், முதல் பாகத்திலிருந்து வரிசையாகவே கொடுத்து வாருங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி, சிவகாசி

கேள்வி: லக்கி லூக் எப்போதும் வாயில் ஒரு புல்லை வைத்திருக்கிறாரே, ஏன்? அப்பாவின் பழைய புத்தகத்தில் அது சிகரெட்டாக இருக்கிறதே!

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். பெல்ஜிய ஓவியர் மோரிஸ், தாம் படைத்த கௌபாய் நாயகன் லக்கி லூக்கின் சிகரெட்டை 1983இல் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு வைக்கோல் துரும்பைச் செருகினார். அதற்காக உலகச் சுகாதார நிறுவனம் 1988இல் அவரைப் பாராட்டிச் சிறப்பித்தது. இடுப்பிலிருக்கும் துப்பாக்கியைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றும் தம் நிழலைவிட வேகமாகச் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பழைய புத்தகத்தையும் புதிய புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பாவிடம் காட்டுங்கள். அவருக்குச் சிகரெட் பழக்கம் இருந்தால், காட்டும்போது கொஞ்சம் தள்ளியே நின்றுகொள்ளுங்கள்.